கேட்டிலிருந்து உள்ளே

மேலப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1981 ஏப்ரலில். அதுவரை நாகர்கோவிலுக்கு பஸ்தான். திருநெல்வேலி ஜங்ஷனில் புறப்பட்டு, தாமிரபரணியைத் தாண்டி, எங்கள் ஊரைத் தொட்டு, செங்குளம், நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வரை சுமார் 74 கிலோமீட்டர் அகலப் பாதை. தறிச் சத்தமும் செவ்வாய்க்கிழமைச் சந்தையின் இரைச்சலும் பழகிய ஊருக்கு அது புதுச் சத்தம். பாளையங்கால்வாயில் குளித்துக்கொண்டிருக்கும் பையன்கள் ஈரத்தோடு அப்படியே ஓடிப்போய்ப் பாதை ஓரம் நிற்பார்கள்.

என் கண் மட்டும் ரயில் போன பிறகும் பாதையிலேயே இருக்கும். காரணம் வாப்பா. எங்கள் தெருவில் மற்றவர்கள் தறியிலும் பீடிக் கடையிலும் வியாபாரத்திலும் இருக்க, வாப்பா மட்டும் ரயில்வேயில் கேங்மேன். முதலில் திருச்செந்தூர் மீட்டர்கேஜ் பாதையில் தாதன்குளம் பக்கம் வேலை. புதுப் பாதை வந்ததும் எழுதிக் கொடுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். சில வருஷம் கழித்துக் கீமேன் ஆனார்.

கீமேன் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். விடியும் முன்னே கிளம்பி, தனக்கு ஒதுக்கிய பாதைத் தூரமான பீட்டை ஒரு தண்டவாளத்தைப் பார்த்தபடியே கடைசி வரை நடந்து, மற்றதைப் பார்த்தபடியே திரும்பி வர வேண்டும். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கணும், தளர்ந்த போல்ட்டைத் திருகணும், வெல்டிங்கில் முடி அளவு கீறல் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கணும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், இடுப்பில் கொடிகளும் டெட்டனேட்டர் பெட்டியும். இதெல்லாம் கீமேனுக்குப் பாரமே இல்லை என்பார் வாப்பா. பாரம் என்று அவர் சொன்னது கேங்கில் இருந்த காலத்தைத்தான்.

அந்தப் பாரத்தை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறைகளில் உம்மா தூக்குவாளியில் சோறு கொடுத்து அனுப்புவார். ரயில்வே கேட் வரைக்கும் ரோடு. அங்கே ஒரு லாரி வந்து தண்டவாளத் துண்டுகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். வேலை நடக்கும் இடமோ கேட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். இரு பக்கமும் வயலும் உடைமரக் காடும். லாரியோ மாட்டு வண்டியோ போக வழி கிடையாது. போகிற ஒரே வழி பாதைதான்.

எட்டுப் பேர் இரட்டை இரட்டையாக நிற்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு இடுக்கி. கேங்கின் தலைவரான மேட் குரல் கொடுத்ததும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஆறு மீட்டர் துண்டு, மீட்டருக்கு 52 கிலோ என்றால் 312 கிலோ. ஆளுக்கு நாற்பது கிலோகூட வராதே என்று கணக்குப் போடத் தோன்றும். ஜல்லியின் மேல் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்று தெரியும். ஜல்லி கால் வைத்த இடத்தில் நிற்காது. ஒருத்தர் பாதம் சறுக்கினால் அவர் பங்கு அந்த நொடியே பக்கத்து ஆள் தோளுக்குப் போகும். அவரும் தடுமாறினால் எல்லாரும் ஒரே சமயத்தில் கையை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டும். யாராவது ஒருத்தர் அரை நொடி தாமதித்தால் கால் போச்சு. இதில் நடுவே ரயில் வரும். மேட் விசில் ஊதியதும் துண்டைப் பாதைக்கு வெளியே எறிந்துவிட்டு ஒதுங்கி நின்று, ரயில் போனதும் மறுபடி தூக்கணும். நான் கொண்டுபோன சோறு ஆறிப்போயிருக்கும். வாப்பா சாப்பிடும்போது வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருப்பார், விரல்கள் மடங்காது.

அவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். அவர் பேசியதெல்லாம் ஒரு மார்கழி விடியற்காலையைப் பற்றி. குளிரில் இரும்பு சுருங்கும். எங்கே வெல்டிங் பலவீனமோ அங்கே விட்டுவிடும். செங்குளம் பக்கம் டார்ச் வெளிச்சத்தில் தண்டவாளம் ஓர் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒற்றைப் பாதை, வண்டி எந்தப் பக்கமிருந்தும் வரலாம். எந்த வண்டி முதலில் வரும் என்று மனசிலேயே கணக்குப் போட்டு அந்தப் பக்கம் ஓட வேண்டும். சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் டெட்டனேட்டர் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வைத்துவிட்டுத் திரும்பி மற்றப் பக்கமும் ஓடணும். வாப்பா ஓடினார். வண்டி நின்றது. அந்த ஓட்டத்தைச் சொல்லும்போது அவர் முகம் மலரும்.

கேட்பவர்கள் அத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். பாதை வேலைக்காரனுக்குக் கதை அங்கேதான் தொடங்கும். முதலில் பிளவுக்கு இருபுறமும் ஜாகிள்டு ஃபிஷ்பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்துக் கிளாம்ப் போட்டு வண்டிகளை மெதுவாக விடணும். அப்புறம் நிரந்தரமாகச் சரி செய்யணும்: உடைந்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, இரு முனையிலும் தெர்மிட் வெல்டிங். அதற்குத் தண்டவாளத் துண்டு, அறுக்கும் மெஷின், அச்சு, மூசை, சூடேற்றும் பர்னர், அதற்கான டேங்க், வெல்டிங் ஆனதும் தேய்க்கும் கிரைண்டர், ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். அவ்வளவும் கேட்டில் வந்து இறங்கும். கேட்டிலிருந்து உள்ளே தலையிலும் தோளிலும்தான் போகும். வெல்டிங்குக்கு ரயில்களை நிறுத்திக் கொடுக்கிற பிளாக் நேரம் கொஞ்சம். சாமான் சுமப்பதிலேயே உடம்பில் பாதி செலவாகிவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் ஊற்றுகிற வெல்டிங் நன்றாக அமையாது என்று வாப்பா அடிக்கடி சொல்வார். அடுத்த மார்கழியில் அதே இடம் விட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து.

பாதையில் சாமான் கொண்டுபோக ரயில்வேயில் வண்டியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பாதை இன்ஸ்பெக்டரான பி.டபிள்யூ.ஐ. வரும் புஷ் டிராலி. நான்கு இரும்புச் சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சு, குடை, முன்னால் சிவப்புக் கொடி. டிராலிமேன்கள் நான்கு பேரில் இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் தலைமேலேயே ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். ஆற்றுப் பாலத்தில் அவர்கள் அப்படி ஓடுவதைக் கீழே மணலில் நின்று வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். ரயில் வந்துவிட்டால் நான்கு பேரும் சேர்ந்து டிராலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். பாலத்தில் அதற்கென்றே பக்கவாட்டில் மேடை நீட்டியிருக்கும். டிராலியின் உயிரே அதில்தான்: எந்த இடத்திலும் தூக்கி வெளியே வைக்கலாம். அதனால்தான் அதில் அதிகம் ஏற்றவும் முடியாது. சாமானுக்குப் பாதைமேல் தள்ளுகிற தட்டு வண்டி ஒன்று உண்டு. அதை எடுத்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி, முன்னும் பின்னும் கொடிக்காரர் என்று ஆளும் நேரமும் போகும். சின்ன வேலைக்கு யாரும் அதைத் தேடமாட்டார்கள், தோள் இருக்கிறதே.

தொண்ணூறுகளில் ஊரில் பாதிப் பேர் போன வழியில் நானும் சவுதிக்குப் போனேன். விசாவில் ஏதோ ஒரு வேலை போட்டிருந்தது. இறக்கிவிட்டது ரயில் பாதையில். தம்மாமிலிருந்து ஹுஃபூஃப் வழியாக ரியாத் போகும் பாதை, 1951-ல் திறந்தது. பாலைவனத்தில் அங்கே பாதைக்கு முதல் எதிரி மணல். காற்று அடித்தால் ஒரே இரவில் தண்டவாளத்தின் தலை மறைந்துவிடும். மறையாவிட்டாலும் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஜல்லி அசைந்து கொடுத்தால்தான் பாதை ரயிலைத் தாங்கும். மணல் ஏறிய ஜல்லி இறுகிப் பாறையாகி ஸ்லீப்பரை உடைக்கும். அந்த மணலை வாரும் ஒப்பந்த வேலையில் நான் ஹெல்பர்.

முதல் இரவே லெவல் கிராஸிங்கில் கொண்டு நிறுத்தினார்கள். மண்வெட்டியோடு வரிசையாக நடக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து முண்டாசைக் கட்டிக்கொண்டேன். ரோட்டில் ஒரு லாரி வந்தது. உயரமான, மூக்குச் சப்பையான, ஆரஞ்சு நிற லாரி. முன்னால் மணல் தள்ளும் தகடு, பின்னால் சின்னக் கிரேன். ஓட்டியவர் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணி. கிராஸிங்கின் நடுவுக்கு வந்து, ஸ்டியரிங்கை ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி, வண்டியைப் பாதையின் நீளவாக்கில் நிறுத்தினார். ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஒரு லீவரை இழுத்தார். வண்டியின் பின்புறத்துக்குக் கீழே மடங்கிக் கிடந்த இரண்டு இரும்புச் சக்கரங்கள் மெதுவாக இறங்கின.

“பாய், டார்ச் அடி. விளிம்பு உள்ளே இருக்கா பார்” என்று உருதுவில் கத்தினார். நான் ஜல்லியில் மண்டியிட்டுப் பார்த்தேன். ரயில் சக்கரத்துக்கு இருப்பது போலவே விளிம்பு வைத்த குட்டிச் சக்கரம், தண்டவாளத்தின் உட்பக்கத்தில் அச்சாகப் பதிந்து உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்திலேயே லாரியின் ரப்பர் டயர், அதே தண்டவாளத்தின் தலைமேல் ஏறி நின்றது. பிறகு முன்புறச் சக்கரங்கள் இறங்கின. பின் மாட்டி, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டினார். “பைட்டோ” என்றார். ஏறி உட்கார்ந்தேன். லாரி ரயில் பாதையில் போனது.

அந்த இரவு நான் ஒரு சாமானையும் சுமக்கவில்லை. தண்ணீர்க் கேன், ஜெனரேட்டர், ஜாக்கி, கடப்பாரை, தண்டவாளத் துண்டு எல்லாம் பின்னால் இருந்தன. வேலையிடத்தில் இறங்கியபோது என் கை கால் புதுசாக இருந்தது. வாப்பாவையும் அந்த எட்டுப் பேரையும் நினைத்துக்கொண்டு அந்த மணலில் நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. சந்தோஷமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சை அடைத்தது.

அந்த லாரி உனிமோக். அதன் கதையைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, உடைந்து கிடந்த ஜெர்மனியில் விவசாயிகளுக்காக உருவாக்கிய வண்டி அது. முதல் மாதிரி 1946-ல் ஓடியது. வயலில் இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்குப் பொருந்தும்படி சக்கரங்களுக்கு நடுவே 1270 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார்கள். உழவும் சுமையும் ரோடும் ஒரே வண்டியில் என்பதுதான் நோக்கம். பின்னாளில் சக்கர இடைவெளி கூடியபோது உலகத்தில் பல நாடுகள் வைத்திருக்கும் 1435 மில்லிமீட்டர் பாதையில் டயரை ஏற்றிவிட வசதியாகிவிட்டது. வயலுக்குப் பிறந்தது தண்டவாளத்துக்கும் வந்தது அப்படித்தான்.

ரோட்டிலும் ரயிலிலும் ஓடும் வண்டி என்ற யோசனை அதைவிடப் பழையது. பிரிட்டனில் 1932-ல் ரயில் கம்பெனி ஒன்று அப்படி ஒரு பஸ்ஸையே விட்டது. ஸ்டிராட்ஃபோர்டு ஸ்டேஷன் வரை தண்டவாளத்தில், அங்கிருந்து ஹோட்டல் வாசல் வரை ரோட்டில். சில மாதங்களில் கைவிட்டார்கள். ஜப்பானில் ஷிகோகு தீவின் கடற்கரைப் பாதையில் 2021 டிசம்பர் முதல் அப்படி ஒரு பஸ் ஓடுகிறது. ரோட்டிலிருந்து தண்டவாளத்துக்கு மாறப் பதினைந்து நொடி போதுமாம். ஆனால் பயணிகளைவிடப் பாதை வேலைக்காரர்களுக்குத்தான் இந்த வண்டி உண்மையாக உதவியது. அமெரிக்காவில் பாதையைப் பார்வையிடும் ஆள் பிக்கப் வண்டியிலேயே தண்டவாளத்தில் ஏறிக்கொள்கிறார். ஜப்பானில் மின்கம்பி வேலைக்கும் கிரேன் வேலைக்கும் லாரிகள் இரவில் கிராஸிங்கில் ஏறி, முதல் ரயிலுக்கு முன்பே இறங்கிவிடுகின்றன.

லீவில் ஊருக்கு வந்தபோது உனிமோக்கின் போட்டோக்களைக் கொண்டுவந்தேன். சென்ட் பாட்டிலையும் டேப்ரெக்கார்டரையும் உம்மா வாங்கி வைத்துக்கொண்டார். வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போட்டோவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

“டயரு தண்டவாளத்து மேலயா ஓடுது?”

“ஆமா வாப்பா. இழுக்கது டயருதான். இரும்புச் சக்கரம் விலகாமப் பிடிச்சுக்கிடும்.”

“மழையில?”

அதுதான் சரியான கேள்வி. ஈரமான இரும்பில் ரப்பர் வழுக்கும். ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரத்தில் தண்டவாளத்தில் நிற்காது. குட்டிச் சக்கரத்துக்குப் போகும் பாரம் குறைந்தால் வண்டி தடம் புரளும். கூடினால் டயருக்குப் பிடிமானம் போய் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே சரியாக வைப்பதுதான் அந்த வண்டியின் சூட்சுமம். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

“நம்ம பாதை 1676 மில்லிமீட்டருல்லா. ஜீப்பு டயரெல்லாம் உள்ளல்லா விழும்?”

விழத்தான் செய்யும். ஜீப், பிக்கப் போன்றவற்றின் டயர் இடைவெளி நம் அகலப் பாதையைவிட ஒடுக்கம். அதற்கு அச்சையே அகலமாக்கணும். இல்லையென்றால் வண்டி முழுவதையும் தண்டவாளத்துக்கு மேலே தூக்கிவிட்டு, இரும்புச் சக்கரத்துக்கே மோட்டார் சக்தியைக் கொடுத்து ஓட்டணும். இரண்டு முறையும் உலகத்தில் உண்டு.

கடைசியாகத்தான் அதைக் கேட்டார். “சரிப்பா. எதிர்ல வண்டி வந்துட்டா இதை எங்கன எறக்குவ? டிராலின்னா நாலு பேரு தூக்கி ஓரமா வச்சிருவோம். இதைத் தூக்க முடியாதே. ஏறுன கேட்டுக்குத்தான திரும்பி வரணும்?”

கீமேன் புத்தி அது. அந்த வண்டியில் வேலை செய்த நானே அதை அவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை. ஏறிய கிராஸிங்கிலோ அடுத்த கிராஸிங்கிலோதான் அதை இறக்க முடியும். இன்னொன்றும் உண்டு. இந்த வண்டியின் சக்கரங்கள் பாதையில் ஓடும் சிக்னல் மின்சாரத்தைக் குறுக்கே இணைக்காதபடி காப்பு வைத்துச் செய்யப்படுவது வழக்கம். அதனால் பாதையில் வண்டி நிற்பது சிக்னலுக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் பிளாக் கொடுத்து, பாதையை அடைத்து, எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் ஏற வேண்டும். பிளாக் இல்லாமல் ஐந்து நிமிஷ வேலைக்கென்று ஏறுகிறவன் தன்னோடு மற்றவர்களையும் கொன்றுவிடுவான்.

சரிவில் ஏற்றுவதும் ஆபத்து. டயரில் மட்டுமே பிரேக் உள்ள வண்டியைத் தண்டவாளத்துக்கு மேலே தூக்கும்போது, டயர் எதையும் தொடாமல், இரும்புச் சக்கரத்துக்குப் பிரேக் இன்னும் வராமல் ஒரு இடைவெளி உண்டாகும். அந்தச் சில நொடியில் வண்டி தானே உருண்டு ஓடியிருக்கிறது. பிரிட்டனில் அப்படிப் பலமுறை நடந்து, விதிகளை இறுக்கினார்கள். இங்கிலாந்தின் டீபே என்ற ஊரருகே 2004 பிப்ரவரியில், பாதை வேலைக்குத் தண்டவாளம் ஏற்றிவந்த தள்ளுவண்டி ஒன்று பிரேக் இல்லாமல் சரிவில் மைல் கணக்கில் இருட்டில் உருண்டு, கீழே வேலை செய்துகொண்டிருந்த நான்கு தொழிலாளர்களைக் கொன்றது. அவர்களுக்கு அது வரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நம் பாதைக்கும் இந்த வண்டி வேண்டும் என்று நான் சொல்லும்போது இந்த நான்கு பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் அன்று சாயங்காலம் வந்தார். போட்டோவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது வந்தா நம்ம பிள்ளைகளுக்கு ரயில்வேல வேலை எங்க இருக்கு?” என்றார். அந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஒரு மெஷின் வந்ததும் ஆளைக் குறைக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனாலும் அவரிடம் அப்போது சொன்னதையே இப்போதும் சொல்வேன்: கீறலைப் பார்க்கும் கண், தட்டிப் பார்த்துக் கேட்கும் காது, வெல்டிங் ஊற்றும் கை இவற்றை எந்த லாரியும் எடுத்துக்கொள்ளாது. அது எடுத்துக்கொள்வது சுமையை மட்டும். சுமை குறைந்ததற்காக ஆளைக் குறைத்தால் அது வண்டியின் குற்றமில்லை. அந்த முடிவை எடுத்தவர்களோடு சண்டை போடணும்.

சவுதியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியதும் பாதை வேலை எடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கேதான் ஓர் இளம் எஞ்சினியர் எனக்கு ரயில்வேயின் பாதைக் கையேட்டைக் காட்டினார். படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெஷின் பராமரிப்பு பற்றிய பகுதியில் நடமாடும் பராமரிப்பு அணி என்று ஒன்று சொல்லியிருக்கிறது. ஒற்றைப் பாதையில் 90 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்று, இரட்டைப் பாதையில் 40 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்று. அந்த அணி இயங்க வேண்டியது ரயிலிலும் ரோட்டிலும் ஓடும் வண்டியில். அதன் வேலைகள் என்று எழுதியிருப்பவை: அங்கங்கே தேவைப்படும் இடத்தில் ஜல்லி இறுக்குவது, அந்த இடத்திலேயே வெல்டிங், தண்டவாளம் வெட்டுவது, துளையிடுவது, முறிவுக்கு நிரந்தரப் பழுது பார்ப்பது, சாமான் ஏற்றி இறக்குவது. வாப்பாவின் கேங் வருஷக்கணக்காகத் தோளில் செய்த வேலைகளின் பட்டியல் வரி தப்பாமல் அதில் இருந்தது.

ஜங்ஷனிலிருந்து நாகர்கோவில் வரை மொத்தமே 74 கிலோமீட்டர். கையேட்டுக் கணக்குப்படி ஒற்றைப் பாதைக் காலத்தில் ஒரே ஒரு வண்டி போதும். இரட்டைப் பாதைக்கு இரண்டு. இவ்வளவுதான் கேட்பது.

நான் பார்த்த வேலைகளில் வண்டி வந்தது ரோடு வரைக்கும்தான். பெரிய மெஷின்கள் பாதையிலேயே வரும். நீளப் பாதையை ஒரே ஓட்டத்தில் தூக்கி இறுக்கிவிட்டுப் போகும் டேம்பிங் மெஷினைப் பார்க்க யாருக்கும் அலுக்காது. கான்கிரீட் ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல். அதையெல்லாம் கையால் போட்டு முடிக்க முடியாது என்பதால் மெஷின் வந்தே தீர வேண்டியிருந்தது. ஆனால் ஒரு கிளிப், ஒரு துண்டு, ஒரு வெல்டிங் என்கிற சின்ன வேலைதான் தினமும் நடப்பது. சின்ன வேலைக்குப் பெரிய மெஷின் வராது. அது மனிதன் தலையில்தான் விழும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இது எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. 17-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூர்ப் பாதையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நல்லவேளையாக நிறுத்தினார்கள், அதற்கு இந்தப் பக்கம் பாதைக்கு அடியில் மண்ணே இல்லை. தண்ணீர் வடிந்த பின் செய்துங்கநல்லூர் பக்கம் போய்ப் பார்த்தேன். ஜல்லியும் கரையும் அடித்துக்கொண்டு போக, தண்டவாளமும் ஸ்லீப்பரும் கயிற்றுப் பாலம் போல அந்தரத்தில் தொங்கின. அது வாப்பா முதன்முதலில் வேலை பார்த்த பக்கம். அவர் பராமரித்த மீட்டர்கேஜ் இப்போது இல்லை என்றாலும் கரை அதே கரை. சுற்றிலும் ரோடுகளும் உடைந்து கிடந்தன. லாரி போக வழியில்லாத இடத்துக்கு ஜல்லியும் மண்ணும் கொண்டு சேர்ப்பதுதான் அங்கே பெரும்பாடு. அந்த நேரத்தில் நல்ல பாதை எதுவரை மிச்சமிருக்கிறதோ அந்தக் கடைசி ஸ்லீப்பர் வரை தண்டவாளத்திலேயே ஊர்ந்துபோய், அங்கே கிரேனைத் திருப்பி வேலை செய்யக்கூடிய வண்டி எத்தனை உதவும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அது இல்லாமலேயே ராப்பகலாகப் பாடுபட்டு 2024 ஜனவரியில் மறுபடி ரயிலை ஓடவிட்டார்கள். அந்தச் சேற்றில் நின்ற டிராக்மேன்களுக்கு ஊர் செய்த மரியாதை போதாது என்பது என் எண்ணம்.

இப்போது மேலப்பாளையம் வழியே இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. ஒரு பாதையில் வேலை நடக்கும்போது பக்கத்துப் பாதையில் வண்டி ஓடும். சுமையோடு நடக்கிறவனுக்கு ஒதுங்க இடம் முன்னைவிடக் குறைவு. கூடவே இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. வாப்பா கேட்ட கேள்வியின் முழு அர்த்தம் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. லெவல் கிராஸிங்குகளை ஒவ்வொன்றாக மூடிச் சுரங்கப்பாதையும் மேம்பாலமும் கட்டுகிறார்கள். மக்களுக்கு அது நல்லது. கேட்டில் நடந்த சாவுகள் குறையும். ஆனால் ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடம் ஊர் ஊராக மறைகிறது. இந்த லாரி ஏறவும் இறங்கவும் வேறு இடம் கிடையாது. கேட் போன பிறகு வண்டியை வாங்கிக் கொடுத்தால் அது டெப்போவில்தான் நிற்கும்.

வண்டி ஏறுமிடத்துக்கு வேண்டியது பெரிய கட்டுமானம் ஒன்றுமில்லை. மூடுகிற கேட்டில் ரோட்டை இரு பக்கமும் பூட்டிவிட்டு, தண்டவாளங்களுக்கு நடுவே போட்ட பலகையை மட்டும் பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. வண்டி ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்ப அதன் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தட்டையான இடம், சரிவில்லாத பாதை, மெயின் ரோட்டிலிருந்து பூட்டுப் போட்ட ஒரு கேட். ஸ்டேஷன் மாஸ்டரிடமும் எஞ்சினியரிடமும் சாவி. அடுத்தடுத்த ஏறுமிடங்களுக்கு நடுவே தூரம் ஐந்தாறு கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் எந்த முறிவும் எட்டும் தூரத்தில் இருக்கும். மேலப்பாளையம், செங்குளம், நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு: முதல் ஐந்தை இங்கே தொடங்கலாம். நடுவில் எங்கே தூரம் கூடுகிறதோ அங்கே ஒவ்வொன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் சரிவும் உண்டு. அங்கே மட்டும் இடத்தைப் பார்த்து, பிரேக் இரும்புச் சக்கரத்திலேயே உள்ள வண்டியை வைத்துச் சோதித்த பிறகு முடிவு செய்ய வேண்டும்.